எச்டிஏ, எஸ்டிஏ: ஒரு பெயர் மாற்றத்தின் கதை

2007 வாக்கில் லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் திரை ஞாபகம் இருக்கும். அப்கிரேடு ஒழுங்காக முடிந்திருக்கும், ஒரு எரர்கூட வந்திருக்காது. ரீபூட் செய்தால் கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடி, /டெவ்/எச்டிஏ1 என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகவில்லை. கேபிள் கழன்றுவிடவில்லை. உள்ளே இருக்கும் கோப்புகளில் ஒன்றுகூட மாறவில்லை. மாறினது பெயர் மட்டும்தான். நேற்று வரைக்கும் எச்டிஏ, இன்றைக்கு எஸ்டிஏ.

(பெயர்களை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன். எச், டி, ஏ என்று எழுத்தெழுத்தாகப் படித்தால் பழகிவிடும்.)

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அப்போதே எல்லாருக்கும் தெரிந்துபோச்சு. பழைய பெயர் இருக்கும் இடத்தில் புதுப் பெயரைப் போடு, அவ்வளவுதான். ஆனால் இதை யார் முடிவு செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் இல்லை. மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 2006-ல் தொடங்கி 2011 வரைக்கும் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ வேறு வேறு தேதியில் நடந்தது. அந்தத் தேதிகள் ஏன் அப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1991 ஆகஸ்ட் 25 அன்று லைனஸ் டோர்வால்ட்ஸ் தன் வேலையை அறிவித்தபோதே, ஏடி வகை ஹார்ட் டிஸ்க் தவிர வேறெதுவும் இதில் ஓடாது, தன்னிடம் இருப்பது அது மட்டும்தான் என்கிற மாதிரி எழுதியிருந்தார். அதனால் முதல் லினக்ஸுக்கு ஒரே வகை டிஸ்க்தான் தெரியும். பெயர்களை மினிக்ஸிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். எச்டி0 என்றால் முதல் டிஸ்க் முழுவதும், எச்டி1 முதல் எச்டி4 வரை அதன் பார்ட்டிஷன்கள். எச்டி5 இரண்டாவது டிஸ்க், அதன் முதல் பார்ட்டிஷன் எச்டி6. கெர்னலுக்கு உள்ளே பெயரெல்லாம் கிடையாது, எண்கள்தான். ஹார்ட் டிஸ்குக்கு மேஜர் எண் 3. லைனஸின் சொந்தக் கணினிக்கான ரூட் டிஸ்க் 0.01 பதிப்பின் மூலநிரலில் 306 என்றே எழுதப்பட்டிருக்கிறது. மேஜர் 3, மைனர் 6, அதாவது இரண்டாவது டிஸ்கின் முதல் பார்ட்டிஷன். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டிவைஸ் கோப்பின் பெயர் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை முதலில் அனுபவித்தவரும் லைனஸ்தான். அதே 1991 கடைசியில், பல்கலைக்கழகக் கணினிக்கு டயல் செய்வதற்காக மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்கின் டிவைஸ் கோப்புக்கு அனுப்பிவிட்டார். மோடத்துக்குப் போக வேண்டிய எழுத்துகள் அவருடைய மினிக்ஸ் பார்ட்டிஷன் மேல் போய் உட்கார்ந்துவிட்டன. மினிக்ஸைத் திரும்பப் போடாமல் லினக்ஸிலேயே இருந்துவிட முடிவு செய்தது அதற்குப் பிறகுதான்.

சீக்கிரமே எண் போய் எழுத்து வந்தது. எச்டிஏ என்றால் முதல் கேபிளில் மாஸ்டர், எச்டிபி அதே கேபிளில் ஸ்லேவ். எச்டிசி, எச்டிடி இரண்டாவது கேபிள். அந்தக் காலத்துக் கணினியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அகலமான சாம்பல் நிற ரிப்பன் கேபிள், அதில் இரண்டு கனெக்டர், டிஸ்கின் பின்னால் ஒரு குட்டி ஜம்பர். சிடி டிரைவ் பெரும்பாலும் எச்டிசி. நடுவில் எச்டிபி இல்லாவிட்டாலும் அது எச்டிசிதான். தெருவில் 2-ம் நம்பர் வீட்டை இடித்துவிட்டால் 3-ம் நம்பர் வீடு 2 ஆகிவிடாது, இல்லீங்களா? அந்த மாதிரி. எச்டிஏ என்பது ஒரு முகவரி. கேபிளை நீங்கள் மாற்றாதவரை பெயரும் மாறாது.

1992-ல் ஸ்கசி டிஸ்குகளும் வந்து சேர்ந்தன. விலை அதிகம், சர்வர்களில்தான் இருக்கும். அவற்றுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர், மேஜர் எண் 8. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் இந்தப் பெயர் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. எது முதலில் கண்ணில் பட்டதோ அது ஏ, அடுத்தது பி. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பதைப் போல. முதல் ஆள் வராவிட்டால் இரண்டாவது ஆள் கைக்கு 1-ம் நம்பர் டோக்கன் போய்விடும்.

பல வருஷம் இந்த இரண்டு முறையும் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் இருந்தன. வீட்டுக் கணினிக்காரர் ஸ்கசியைப் பார்த்ததே கிடையாது. முதல் உரசல் சிடி எழுதுவதில் வந்தது. 2.4 கெர்னல் காலத்தில் ஐடிஇ சிடி ரைட்டரில் எழுத வேண்டுமானால், அதை ஸ்கசி கருவி மாதிரி நடிக்க வைக்க வேண்டும். பூட் ஆகும்போதே எச்டிசியை ஐடிஇ-ஸ்கசி என்ற டிரைவரிடம் ஒப்படைக்கச் சொல்லி ஒரு வரி சேர்ப்போம். எச்டிசி காணாமல் போய் எஸ்சிடி0 என்று ஒன்று வந்து நிற்கும். அடுத்து யூஎஸ்பி பென் டிரைவ். அதுவும் எஸ்டிஏ வரிசையில்தான் வந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க் எச்டிஏ என்று தனி முகவரியில் இருந்ததால் யாருக்கும் தொந்தரவில்லை.

2003-ல் சாட்டா டிஸ்குகள் கடைக்கு வந்தபோது நிலைமை மாறியது. பழைய ஐடிஇ டிரைவர் தொகுப்பு ஏற்கெனவே நொந்துபோயிருந்தது. மார்க் லார்ட், ஆண்ட்ரே ஹெட்ரிக் என்று கை மாறி, 2002-ல் மார்ட்டின் டலெக்கி அதைச் சுத்தம் செய்ய இறங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட பேட்சுகளுக்குப் பிறகு, ஆகஸ்டில் அந்த வேலை முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு 2.4-ன் பழைய நிரலுக்கே திரும்பிப் போனார்கள். மற்றவர்களின் டேட்டா அந்த நிரலை நம்பி இருந்தது. அதில் ஒரு சின்னப் பிழை என்றாலும் டிஸ்கே காலியாகிவிடலாம். அதனால் அதில் கை வைக்க எல்லாருக்கும் பயம்.

ஜெஃப் கார்சிக் அந்தப் பழைய வீட்டை ரிப்பேர் செய்யப் போகவில்லை, பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டினார். அதுதான் லிப்ஏடிஏ. வரிசை வைப்பது, பிழையைச் சமாளிப்பது, டிஸ்கைச் சேர்ப்பது விலக்குவது எல்லாவற்றையும் புதிதாக எழுதாமல், கெர்னலில் ஏற்கெனவே இருந்த ஸ்கசி அடுக்கையே பயன்படுத்திக்கொண்டார். மேலிருந்து வரும் ஸ்கசி கட்டளையை லிப்ஏடிஏ ஏடிஏ கட்டளையாக மொழிபெயர்த்து டிஸ்குக்கு அனுப்பும். பொறியியல் கணக்கில் நல்ல முடிவு. அதன் பக்க விளைவு, ஸ்கசி அடுக்கு வழியாக வருகிற எல்லாமே எஸ்டி என்றுதான் பெயர் வாங்கும். பெயரை மாற்ற வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. வந்த வழி மாறியதால் பெயரும் மாறிவிட்டது.

இடைக்காலம் ரொம்பக் குழப்பம். ஒரே சாட்டா டிஸ்கைப் பழைய டிரைவரும் பிடிக்கும், புது டிரைவரும் பிடிக்கும், எது முதலில் லோடாகிறதோ அதற்கே சொந்தம். பழையது பிடித்தால் எச்டிஇ மாதிரி ஒரு பெயர், புதியது பிடித்தால் எஸ்டிஏ. பிறகு 2006 நவம்பரில் வந்த 2.6.19-ல், பழைய ரிப்பன் கேபிள் டிஸ்குகளுக்கான டிரைவர்களும் லிப்ஏடிஏவுக்குள் வந்து சேர்ந்தன. அதில் பெரும்பகுதி ஆலன் காக்ஸ் எழுதியது. சோதனை நிலை என்று முத்திரை குத்தித்தான் சேர்த்தார்கள். ஆனால் இனிமேல் எந்த ஐடிஇ டிஸ்கும் எஸ்டிஏ ஆகலாம் என்கிற கதவு அன்றைக்குத் திறந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பயனரின் நிரலை உடைக்கக் கூடாது என்பது கெர்னல் உலகத்தின் முதல் விதி. அதை மீறினவர்களை லைனஸ் எப்படித் திட்டுவார் என்பது ஊரறிந்த விஷயம். அப்படியிருக்கும்போது, லட்சக்கணக்கான கணினிகளைப் பூட் ஆகவிடாமல் செய்யக்கூடிய ஒரு மாற்றம் எப்படி உள்ளே நுழைந்தது?

பதில், விதியை யாரும் மீறவில்லை! பழைய ஐடிஇ டிரைவர்கள் அப்படியே இருந்தன. வேண்டுமானால் அதையே கம்பைல் செய்துகொள்ளலாம், எச்டிஏவாகவே இருக்கலாம். இரண்டையும் வைத்துவிட்டு, எதை இயக்குவது என்ற தேர்வைக் கெர்னல்காரர்கள் டிஸ்ட்ரோக்களிடம் தள்ளிவிட்டார்கள். எழுத்துப்படி விதி காப்பாற்றப்பட்டது. உடைக்கிற பழி டிஸ்ட்ரோக்களின் தலையில் விழுந்தது. இதைத் தந்திரம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கணினியில் எந்தெந்தக் கோப்பில் எச்டிஏ என்று எழுதியிருக்கிறது என்று கெர்னலுக்குத் தெரியவே தெரியாது, டிஸ்ட்ரோவுக்குத்தான் தெரியும். ஆனாலும் செலவைக் கட்டியது யார் என்று கேட்டால், கெர்னல் இல்லை.

டிஸ்ட்ரோக்கள் ஒவ்வொன்றும் அதை ஒவ்வொரு விதமாகக் கட்டின. உபுண்டு முன்ஜாக்கிரதை. 2006 அக்டோபரில் வந்த 6.10-லேயே எஃப்எஸ்டேப் கோப்பில் எச்டிஏ1 என்ற பெயரை எடுத்துவிட்டு யூயூஐடி போட்டுவிட்டார்கள். எஃப்எஸ்டேப் என்பது எந்த டிஸ்கை எந்த இடத்தில் மவுண்ட் செய்வது என்று சொல்லும் பட்டியல். யூயூஐடி என்பது ஃபார்மேட் செய்யும்போது பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதப்படும் 128 பிட் எண். முகவரியும் இல்லை, டோக்கனும் இல்லை, பிறக்கும்போதே இருக்கிற மச்சம் மாதிரி. ஆறு மாதம் கழித்து 7.04-ல் டிரைவர் மாறியபோது பலருக்கு அது தெரியவே இல்லை. அந்த எஃப்எஸ்டேப்பில் ஒவ்வொரு யூயூஐடிக்கு மேலேயும் பழைய பெயரைக் கமெண்டாக விட்டுவைத்திருந்தார்கள். பிற்பாடு வந்த பதிப்புகளில் அது, நிறுவும்போது இது இன்ன டிஸ்கில் இருந்தது என்று இறந்த காலத்தில் சொல்லும் வாக்கியமாகவே மாறியது. இப்போது அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, அப்போது இருந்தது என்று மட்டும். எவ்வளவு கவனமான இலக்கணம் பாருங்க.

ஃபெடோரா வழி கறார். 2007 மே 31 அன்று வந்த ஃபெடோரா 7, எல்லா டிஸ்கும் இனி எஸ்டிதான் என்று ஒரேயடியாக மாற்றியது. அப்கிரேடு செய்வதற்கு முன் எல்லாவற்றுக்கும் லேபிள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேலை செய்யாது என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவிட்டார்கள். ரெட்ஹேட் வழியில் வந்தவர்களுக்கு லேபிள் புதிதல்ல, எல்விஎம்மில் நிறுவியவர்களுக்கு ரூட் பார்ட்டிஷன் பற்றிக் கவலையே இல்லை. மாட்டிக்கொண்டவர்கள் கையால் பார்ட்டிஷன் பிரித்து, கையால் எஃப்எஸ்டேப் எழுதினவர்கள். அதாவது, கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள்! லேபிளிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்வாப் பார்ட்டிஷனுக்கு அந்த வரிசைப் பதிப்புகள் தானாக வைத்த லேபிளிலேயே டிஸ்க் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்வாப்-எஸ்டிஏ2 என்கிற மாதிரி. மாறும் பெயரிலிருந்து தப்பிக்க வைத்த பெயருக்குள்ளேயே மாறும் பெயர்.

டெபியன் வழக்கம்போல் கடைசி. 2011 பிப்ரவரி 6 அன்று ஸ்க்வீஸ் வரும் வரைக்கும் காத்திருந்தார்கள். சோம்பேறித்தனம் என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. லினக்ஸ்-பேஸ் என்ற பேக்கேஜுக்குள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தார்கள். அது கணினியில் எங்கெங்கே பழைய பெயர் இருக்கிறது என்று தேடி, எதை எதுவாக மாற்றப் போகிறேன் என்று பட்டியல் காட்டி, செய்யட்டுமா என்று கேட்கும். தன்னால் மாற்ற முடியாத கோப்புகளையும் தனியாகச் சொல்லும்.

இதைப் பார்த்தே ஆகணும் என்று ஒரு வார இறுதியில் கீமு மெய்நிகர் கணினியில் டெபியன் லென்னியைப் போட்டேன். பழைய பேக்கேஜ்களின் கையெழுத்துச் சாவிகள் எல்லாம் காலாவதி, அதைச் சமாளிக்கவே அரை நாள் போச்சு. அப்கிரேடின்போது அந்தக் கேள்வி வந்ததும் வேண்டுமென்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரீபூட் செய்தேன். எச்டிஏ1 இல்லை என்று சொல்லி ஒரு குட்டி ஷெல்லில் கொண்டுபோய் விட்டது. கிரப் மெனுவில் எச்டிஏ1-ஐ எஸ்டிஏ1 என்று திருத்திப் பூட் செய்தால் கொஞ்ச தூரம் போகிறது. பிறகு எஃப்எஸ்டேப்பைப் படித்து, எச்டிஏ1-ஐச் சோதிக்கப் போய், இல்லை என்று மறுபடியும் நின்று ரூட் பாஸ்வேர்டு கேட்கிறது. ரூட்டோ படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும், எழுதுவதற்கு மறுபடி மவுண்ட் செய்துதான் கோப்பைத் திருத்த முடியும். தெரிந்தவருக்கு ஐந்து நிமிஷ வேலை. தெரியாதவருக்கு, அதுவும் வீட்டில் இருக்கிற ஒரே கணினி அதுதான் என்றால், எல்லாமே போய்விட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

பெயர் எழுதியிருந்த இடங்கள் எத்தனை என்று குறித்துக்கொண்டே வந்தேன். எஃப்எஸ்டேப், கிரப்பின் பட்டியல், உறக்கத்திலிருந்து எழுப்ப எந்த ஸ்வாப்பைப் பார்ப்பது என்று சொல்லும் வரி, எச்டிபார்ம் அமைப்பு, டிஸ்க் ஆரோக்கியத்தைப் பார்க்கும் ஸ்மார்ட்டியின் அமைப்பு, அப்புறம் அவரவர் எழுதி வைத்த பேக்கப் ஸ்கிரிப்டுகள். கடைசியாகச் சொன்னதை எந்த டிஸ்ட்ரோவாலும் கண்டுபிடிக்க முடியாது. லைலோ வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அமைப்புக் கோப்பில் எச்டிஏ1 என்று எழுதினால் லைலோ அதை எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும். பூட் வரியில் ரூட் என்பதற்கு நேராக 301 என்று நிற்கும். மேஜர் 3, மைனர் 1. 1991-ல் லைனஸ் 306 என்று எழுதினாரே, அதே கணக்கு, அதே 3. புது டிரைவரில் மேஜர் 8, அதனால் தேவை 801. லைலோவை மறுபடி ஓட்டாதவரை அந்த 301 அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பெயர் மட்டும்தான் மாறியது என்று மேலே சொன்னேன். ஒரு சிலருக்கு அதுகூட உண்மையில்லை. பழைய முறையில் ஒரு டிஸ்குக்கு 64 மைனர் எண்கள், அதாவது 63 பார்ட்டிஷன் வரை போகலாம். ஸ்கசி முறையில் 256 எண்களை 16 டிஸ்குக்குப் பங்கு போட்டிருந்ததால் ஒன்றுக்கு 16-தான், 15 பார்ட்டிஷனோடு சரி. ஒரே டிஸ்கில் பத்துப் பதினைந்து டிஸ்ட்ரோ போட்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் அப்போது நிறைய. அவர்களுடைய 16-வது பார்ட்டிஷனுக்கு எந்தப் பெயருமே கிடைக்கவில்லை. டேட்டா டிஸ்கில் இருக்கிறது, கெர்னலுக்குக் கூப்பிடத் தெரியவில்லை. 2008 டிசம்பரில் வந்த 2.6.28-ல் கூடுதல் எண்கள் கொடுக்க வழி செய்த பிறகுதான் அது சரியானது. இந்த முழுக் கதையிலும் நிஜமான இழப்பு என்று நான் சொல்வது இந்த இரண்டு வருஷத்தைத்தான்.

யூயூஐடி வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் இல்லை. டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்தால் மச்சமும் சேர்ந்தே நகலாகும். இரண்டையும் ஒரே கணினியில் மாட்டினால் எது மவுண்ட் ஆகும் என்று உறுதியில்லை. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் தானே கெர்னல் கம்பைல் செய்கிறவர்களுக்கு ரூட்டை இப்படிச் சொல்லவும் முடியாது, ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியைத் தேடிப் பிடிக்கக் கெர்னலுக்குத் தானாகத் தெரியாது. 36 எழுத்தை யாரும் போனில் படித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் இந்தக் கஷ்டங்கள் எல்லாம் எப்போதாவது வருபவை. எஸ்டிஏ என்று எழுதி வைத்துவிட்டு, பென் டிரைவ் செருகியிருந்த ஒரு நாளில் பூட் செய்து பார்த்தால் தெரியும், ஹார்ட் டிஸ்க் எஸ்டிபி ஆகியிருக்கும். எச்டிஏ காலத்தில் டிஸ்க் பெயரைக் கோப்பில் எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன், அப்போது அது முகவரி, நம்பலாம். எஸ்டிஏ காலத்திலும் அப்படியே எழுதியவரைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியவில்லை.

பெயர்கள் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. மெய்நிகர் கணினிகளில் விடிஏ வந்தது, சென்னில் எக்ஸ்விடிஏ, இப்போது லேப்டாப்பில் என்விஎம்இ0என்1. அமேசானின் கிளவுடில் டிஸ்கைச் சேர்க்கும்போது எஸ்டிஎஃப் என்று பெயர் கொடுத்தால், உள்ளே போய்ப் பார்க்கும்போது அது எக்ஸ்விடிஎஃப் என்றோ என்விஎம்இ1என்1 என்றோ இருக்கும். யாரும் அலறுவதில்லை. எஃப்எஸ்டேப்பில் அந்தப் பெயர் இருந்தால்தானே.

பழைய ஐடிஇ தொகுப்பு அதற்குப் பிறகும் ரொம்ப நாள் உயிரோடு இருந்தது. பார்ட்லோமியே சோல்னியர்கியெவிச் சில வருஷம் பார்த்துக்கொண்டார், பிறகு டேவிட் மில்லர், புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை என்ற நிபந்தனையோடு. கிறிஸ்டோஃப் ஹெல்விக் அனுப்பிய பேட்சுகளால் அது கெர்னலிலிருந்து முழுவதுமாக நீங்கியது 5.14-ல். அது வெளிவந்தது 2021 ஆகஸ்ட் 29 அன்று, லைனஸின் முதல் அறிவிப்புக்கு முப்பது வருஷமும் நாலு நாளும் கழித்து. எச்டிஏ என்ற பெயரைக் கொடுக்கக்கூடிய அந்த நிரல் இப்போது மூலநிரலில் இல்லை. கீமுவில் மட்டும் மெய்நிகர் டிஸ்கை இணைக்க இன்னமும் எச்டிஏ என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொடுத்துப் புது டெபியனைப் பூட் செய்தால், உள்ளே அந்த டிஸ்க் எஸ்டிஏ.